வீட்டுப் பட்டறையில் காலுக்கு என்ன அணிவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் என் வீட்டின் பின்கட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு பெஞ்சு, அதில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் ஒரு வைஸ், டிரில்லிங் மெஷின், கைக் கிரைண்டர், சிறிய வெல்டிங் மெஷின், கொஞ்சம் உளிகளும் இழைப்புளிகளும் இருக்கின்றன, அவ்வளவுதான். தொழிற்சாலை ஒன்றின் டூல் ரூமில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால், வீட்டில் இதுபோலத் தொடங்குபவர்கள் என்னிடம் சந்தேகம் கேட்பதுண்டு. அவற்றில் காலணியைப் பற்றிய கேள்விகள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைக் குறித்துவைத்து, விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

“வீட்டுலதான வேலை பாக்கறேன், சாதா ரப்பர் செருப்பு போதாதுங்களா?”

போதாது. செருப்பு அடிப்பாதத்தை மட்டுமே மறைக்கிறது. அதையும் முழுமையாகக் காப்பதில்லை. பழைய பலகையிலிருந்து பிடுங்கிப் போட்ட இரண்டங்குல ஆணி ஒன்று தலைகீழாகக் கிடந்தால், ரப்பர் செருப்பின் அடியை அது வாழைத்தண்டைத் துளைப்பதுபோலத் துளைத்துவிடும். பாதத்தின் மேற்பக்கத்துக்கோ எந்த மறைப்பும் இல்லை. பெஞ்சிலிருந்து உருண்டு விழும் உளி, வைஸிலிருந்து நழுவும் பட்டை இரும்பு, அறுத்து முடித்ததும் தொங்கி விழும் துண்டு எல்லாம் மேலிருந்துதான் வருகின்றன.

என் இடது புறங்காலில் அரை அங்குல நீளத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. முக்காலியின் கால் ஒன்று ஆடுகிறது என்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு லுங்கியோடும் செருப்போடும் பட்டறைக்குள் போனேன். இரண்டு நிமிட வேலைதான் என்று நினைத்தேன். உளி விழுவதைக் கண்டதும் பந்தைத் தடுப்பதுபோல என் கால் தானாகவே முன்னே நீண்டது. விழும் பொருளைக் காலால் தாங்கப் பார்ப்பது உடம்பின் பழக்கம். அதை அறிவால் அடக்க முடியாது. தொழிற்சாலையில் இருந்த காலமெல்லாம் வராத காயம், வீட்டில் இரண்டு நிமிடத்தில் வந்தது.

“பழைய ஸ்போர்ட்ஸ் ஷூ ஒண்ணு சும்மா கெடக்கு. அத போட்டுக்கிட்டா?”

செருப்பைவிட மேல், ஆனால் பட்டறைக்கு ஏற்றதன்று. ஓடுவதற்கான ஷூவின் மேற்பகுதி காற்றுப் புகும் வலைத்துணியால் ஆனது. கிரைண்டரின் தீப்பொறி பட்டால் அது உருகும்; உளியின் முனை பட்டால் கிழியும். அதன் அடிப்பாகம் மெத்தென்று இருக்குமாறு செய்யப்பட்டிருப்பதால் ஆணியைத் தடுக்காது. லேத்தில் உருவிய இரும்புச் சுருள்களும் அதில் சுலபமாகக் குத்தி உட்கார்ந்துகொள்ளும்.

மரத்தில் சிறு வேலைகள் மட்டும் செய்பவர், எடையுள்ள எதையும் தூக்காதவர், தடித்த தோலால் ஆன பழைய கட் ஷூவைக் கொண்டு சமாளிக்கலாம். இரும்பில் கை வைப்பவருக்கு முறையான சேஃப்டி ஷூ தேவை.

“பெட்டி மேல 200 ஜூல்னு போட்டிருக்கு. அப்படின்னா என்னங்க?”

ஏறத்தாழ 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடியின் ஆற்றல்தான் 200 ஜூல். ஷூவின் முன்பக்கத்தில், விரல்களுக்கு மேலே, கிண்ணம் கவிழ்த்தாற்போல ஒரு கேப் இருக்கும். சோதனையில் அதன் உள்ளே உருளை வடிவில் களிமண்ணை வைத்து, மேலே அந்த அடியைக் கொடுத்து, களிமண் எவ்வளவு நசுங்கியது என்று அளப்பார்கள். மிஞ்சிய உயரம்தான் விரல்களுக்குக் கிடைக்கும் இடம். இதைத் தவிர, ஏறத்தாழ ஒன்றரை டன் எடைக்கு நிகரான அழுத்தத்தையும் அந்தக் கேப் தாங்க வேண்டும்.

நம் வேலையோடு இதைப் பொருத்திப் பார்க்கலாம். பெஞ்சின் உயரம் 90 சென்டிமீட்டர் என்று கொள்வோம். இரண்டு கிலோ சம்மட்டி அங்கிருந்து விழுந்தால் 18 ஜூல். பத்துக் கிலோ வைஸ் கழன்று விழுந்தால் 88 ஜூல். நிறைந்த சமையல் கேஸ் சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். அது அரை அடி உயரத்தில் கைநழுவினால் 45 ஜூல். ஆக, வீட்டுப் பட்டறைக்கு 200 ஜூல் தாராளமாகவே போதும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15298-இன் இரண்டாம் பாகம் 200 ஜூல் ஷூக்களுக்கும், மூன்றாம் பாகம் 100 ஜூல் ஷூக்களுக்கும், நான்காம் பாகம் கேப் இல்லாத தொழில் ஷூக்களுக்கும் உரியவை. 100 ஜூலே பெரும்பாலோருக்குப் போதும் என்பது என் கணக்கு. ஆனால் கடைகளில் 200 ஜூல்தான் எளிதில் கிடைக்கிறது என்பதால் அதைப் பற்றி நான் வாதிடுவதில்லை.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கேப் விரல்களை மட்டுமே மூடுகிறது. என் உளி விழுந்த இடம் கேப்புக்குப் பின்னால் இருப்பது. அங்கே ஷூவின் தோல்தான் காவல். எனவே மேல்தோலின் தடிப்பையும் விரலால் அழுத்திப் பார்த்து வாங்க வேண்டும்.

“எஸ்1, எஸ்1பி, எஸ்3ன்னு என்னென்னமோ எழுதியிருக்கு. எத எடுக்கறது?”

இவை ஷூவின் பாதுகாப்பு வகையைச் சொல்லும் குறியீடுகள். எஸ்பி (SB) என்றால் கேப் மட்டும் உள்ள அடிப்படை வகை. எஸ்1 என்றால் குதிகால் மூடியது, குதிகாலில் அதிர்ச்சி தாங்கும் அமைப்பு கொண்டது, நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்துவது. எஸ்1பி (S1P) அதோடு அடியில் ஆணி புகாத தகடும் கொண்டது. எஸ்2-இல் தகடு கிடையாது; மேல்தோல் குறிப்பிட்ட நேரம் நீரைத் தடுக்கும். இரண்டும் சேர்ந்து, அடியில் ஆழமான வரிப்பள்ளங்களும் இருந்தால் அது எஸ்3.

கூரைக்கு அடியில் காய்ந்த தரையில் வேலை செய்பவருக்கு எஸ்1பி போதும் என்பேன். பழைய கதவு, பேக்கிங் பலகை போன்றவற்றைப் பிரித்து வேலை செய்பவர்கள் அந்தக் கடைசிப் ‘பி’ (P) எழுத்தை விட்டுக்கொடுக்கவே கூடாது. தகடு எஃகிலும் வரும், நெருக்கமாக நெய்த இழையிலும் வரும். இழைத்தகடு எடை குறைவு, கால் மடங்குவதற்கு இசைவானது. ஆனால் மெல்லிய கூர் ஆணியைத் தடுப்பதில் எஃகுக்குத்தான் நம்பிக்கை அதிகம்.

“ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாங்களா?”

கண்ணைத் திறந்தே வாங்குங்கள். முத்திரையின் மேலே தரநிலை எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். முத்திரையை வழங்கும் இந்தியத் தர அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த உரிம எண்ணைத் தட்டினால், உரிமம் யாருக்கு, எந்தப் பொருளுக்கு வழங்கப்பட்டது, இன்னும் செல்லுபடியாகிறதா என்பது தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். உற்பத்தி செய்த ஆண்டும் மாதமும் ஷூவின் நாக்கிலோ உட்புறத்திலோ குறிக்கப்பட்டிருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள். அது ஏன் முக்கியம் என்பது ஷூ உதிர்வது பற்றிய கேள்வியில் வருகிறது.

“பெரிய வெயிட் விழுந்தா அந்த இரும்பு கேப்பே நசுங்கி விரல வெட்டிரும்னு சொல்றாங்களே?”

தொழிற்சாலையிலும் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். கேப்பைத் தட்டையாக்கும் அளவுக்கு ஓர் அடி விழுகிறதென்றால், கேப் இல்லாத காலை அந்த அடி என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் போதும். கேப் தோற்கும் இடத்தில் வெறும் விரல் பிழைக்கப் போவதில்லை. அதற்கும் கீழே உள்ள அத்தனை அடிகளிலும் கேப்தான் விரலைக் காக்கிறது.

எஃகு கேப் கனமாக இருக்கிறது என்பவர்கள் ஃபைபர் கேப் உள்ளதை வாங்கலாம். அதுவும் அதே 200 ஜூல் சோதனையில் தேறியதுதான், துருப்பிடிக்காது. சற்றே தடிமனாக இருப்பதால் மூக்கு அகலமாகத் தெரியும். எந்தக் கேப்பாக இருந்தாலும், ஒருமுறை பலமான அடி வாங்கிவிட்டால், வெளியே நெளிவு தெரியாவிட்டாலும் ஷூவை மாற்றிவிட வேண்டும். தொழிற்சாலையிலிருந்து கழித்துப்போட்ட ஷூவை யாராவது இலவசமாகக் கொடுத்தால் நான் வாங்காததற்கும் இதுதான் காரணம்: அது என்னென்ன அடிகளை வாங்கியிருக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

“எப்பவும் எட்டு சைஸ்தான் போடுவேன். சேஃப்டி ஷூலயும் அதே எடுத்தா கடிக்குது. ஏன்?”

சாதாரணத் தோல் ஷூ நாளாக நாளாக விரிந்து கொடுக்கும். கேப் விரிந்து கொடுக்காது. முதல் நாள் இடித்தால் கடைசி நாள் வரை இடிக்கும். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, வேலைக்கு அணியப் போகும் அதே காலுறையோடு போய்ப் போட்டுப் பாருங்கள். பாதத்தை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு கடைக்குள்ளேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். கேப்பின் பின்விளிம்பு விரல் மூட்டுகளை அறுப்பது நிற்கும்போது தெரியாது, உட்காரும்போது தெரியும்; நம் வேலைகளில் பாதி தரையில் உட்கார்ந்துதான் நடக்கிறது.

சிறிய பாதமுள்ள பெண்கள், ஆண்களின் ஆறாம் எண் ஷூவில் பஞ்சையும் துணியையும் திணித்து அணிவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் கால் உள்ளே முன்னும் பின்னும் நகரும். கேப் இருக்க வேண்டிய இடத்தில் இராது. மூன்று, நான்கு எண்களிலும் சேஃப்டி ஷூ வருகிறது. தெருமுனைக் கடையில் இல்லையென்றால் சொல்லிவைத்து வாங்க வேண்டும்.

“இந்த வேக்காட்டுல ஷூ போட்டா காலெல்லாம் வெந்துபோகுது, விரலிடுக்குல புண்ணு வேற வருது.”

நியாயமான குறை. ஈரத்தில் வளரும் பூஞ்சைதான் சேற்றுப்புண்ணுக்குக் காரணம். பருத்திக் காலுறைகள் நாலைந்து ஜோடி வைத்துக்கொண்டு தினமும் மாற்றுங்கள். வேலை முடிந்ததும் ஷூவின் நாக்கை வெளியே இழுத்து, உள்ளட்டையை உருவி, நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் காயவைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். நைலான் காலுறையை வேண்டாம் என்பதற்கு வியர்வையைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. அது அடுத்த விடையில்.

“வெல்டிங், கிரைண்டிங் பண்றப்ப தனியா ஷூ வேணுங்களா?”

தனி ஷூ கட்டாயமில்லை. ஆனால் தோல் ஷூவாக இருக்க வேண்டும். வலைத்துணி, ரெக்சின், ஓட்டை ஓட்டையாக வரும் பிளாஸ்டிக் செருப்பு எதுவும் ஆகாது. வெல்டிங்கின் உருகிய துளி தோலின் மீது விழுந்தால் உருண்டோடிவிடும். நாக்குக்கும் கயிற்றுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் விழுந்தால் அங்கேயே தங்கிக் காலைச் சுடும். நைலான் காலுறையாக இருந்தால் அது உருகிக் காலின் சருமத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆகையால் கயிற்றை மூடும் தோல்மடிப்பு உள்ள ஷூ நல்லது. இல்லாவிட்டால் கணுக்காலைச் சுற்றிக் கட்டும் தோல் உறையை வாங்கிக்கொள்ளலாம். பேண்ட்டின் கால்முனை ஷூவுக்கு வெளியே தொங்க வேண்டும். அதை ஷூவுக்குள் செருகுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தீப்பொறிக்கு வாசல் திறந்து வைப்பது.

ஷூவின் அடிப்பாகத்தைப் பற்றியும் ஒரு சொல். பி.யூ. (பாலியூரித்தேன்) அடி எடை குறைவு, ஆனால் அறுத்துப்போட்ட சூடான துண்டை மிதித்தால் உருகும். எச்.ஆர்.ஓ. என்று குறித்த நைட்ரைல் ரப்பர் அடி, 300 டிகிரி சூட்டைச் சற்று நேரம் தாங்குமாறு சோதிக்கப்பட்டது. அடிக்கடி வெல்டிங் செய்பவர் அதற்குக் கூடுதலாகச் செலவழிப்பது தகும்.

“பட்டறைக்கும் வழவழன்னு டைல்ஸ் போட்டுட்டேன். எந்த ஷூ வழுக்காது?”

வழுக்காமையைச் சோதித்ததற்கு ஷூவில் குறியீடு இருக்கும். எஸ்.ஆர்.ஏ. என்பது சோப்புநீர் ஊற்றிய பீங்கான் ஓட்டின் மேல் சோதித்தது, எஸ்.ஆர்.பி. கிளிசரின் தடவிய எஃகின் மேல் சோதித்தது. இரண்டிலும் தேறினால் எஸ்.ஆர்.சி. மூன்றிலும் மரத்தூள் இல்லை என்பதைக் கவனியுங்கள். வழவழப்பான டைல்ஸின் மேல் நுண்ணிய மரத்தூள் படிந்தால் கேரம் பலகையில் மாவு தூவியதுபோல்தான். ஷூவின் வரிப்பள்ளங்களில் தூள் அடைத்துக்கொண்டுவிட்டால் விலை உயர்ந்த அடியும் வெறும் பலகையாகிவிடும்.

எனவே இந்தக் கேள்விக்கு ஷூவில் பாதி விடைதான் இருக்கிறது. நிற்கும் இடத்தில் சொரசொரப்பான ரப்பர் விரிப்பைப் போடுங்கள், அதன் விளிம்பு தடுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது பெருக்குங்கள், பழைய பல்துலக்கியால் பள்ளங்களைச் சுரண்டுங்கள்.

“அடியில ரப்பர் இருக்கறதால ஷாக் அடிக்காதுதானே?”

இந்தப் பட்டியலில் எனக்கு அதிகம் கவலை தரும் கேள்வி இதுதான். முன்பே சொன்ன எஸ்1 வகை ஷூ நிலைமின்சாரத்தை மெல்லத் தரைக்குக் கடத்துவதற்காகவே செய்யப்பட்டது. அதன் மின்தடை ஒரு லட்சம் ஓமிலிருந்து நூறு கோடி ஓம் வரை இருக்கலாம் என்பது தரநிலை. அது மின்காப்பு ஷூ அன்று. வியர்வையில் நனைந்தால், அடியில் இரும்புத் தூள் பதிந்தால், அதன் தடை எங்கே நிற்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. மின்பணியாளர்களுக்கென்று தனியே சோதிக்கப்பட்ட ஷூ இருக்கிறது. அதுவும்கூட இரண்டாவது அரண்தான்.

முதல் அரண் சுவரில் இருக்க வேண்டும். மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சு, உண்மையிலேயே தரைக்குப் போகும் எர்த் கம்பி, மூன்று முள் பிளக் ஆகிய இவை இல்லாத பட்டறையில் ஷூவைப் பற்றிப் பேசுவது வீண். ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வெறுங்காலோடு ஈரச் சிமெண்டுத் தரையில் நின்று டிரில்லைப் பிடிக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

“தம்பி, ஆயுத பூஜை போடற மெஷினு. அது முன்னாடி செருப்புக் காலோட நிக்கறது தப்பில்லையா?”

என் பெரியம்மா கேட்ட கேள்வி இது. அவரைப் போல எண்ணிப் பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களின் மரியாதையை நான் குறைத்துப் பேசமாட்டேன். நான் கண்ட வழி இது: பட்டறை ஷூ பட்டறையிலேயே இருக்கும். தெருவுக்கோ கழிவறைக்கோ அது போனதில்லை. வெளிச்செருப்பு வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. மெஷினுக்கு முன்னால் அணியும் ஏப்ரனைப் போல அதுவும் ஓர் உடுப்பு. பெரியம்மா ஒப்புக்கொண்டார்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. அடியில் குத்திய இரும்புச் சீவல் வீட்டுக்குள் வராது. என் பேத்தி தவழ்ந்த காலத்தில் அது எனக்குப் பெரிய நிம்மதி. பூஜையன்று மட்டும் மெயினை அணைத்து, நன்றாகக் கூட்டிய பிறகு வெறுங்காலோடு போகிறேன். கூட்டுவதற்கு முன் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலிதீன் பையில் போட்டுத் தரையெங்கும் இழுத்தால் சீவல்கள் மயிர்க்கூச்செறிந்தாற்போல் ஒட்டிக்கொள்ளும்; காந்தத்தைப் பையிலிருந்து உருவினால் அப்படியே உதிர்ந்துவிடும். அலுமினியமும் பெரும்பாலான ஸ்டெயின்லெஸ் சீவல்களும் காந்தத்துக்கு வராது, அவற்றுக்கு ஈரத்துணிதான்.

“இருபது வருஷமா சுகர். டாக்டர் எம்.சி.ஆர். செருப்புதான் போடச் சொல்லியிருக்கார். அதோடவே வேலை பாக்கட்டுமா?”

நடப்பதற்கு எம்.சி.ஆர். செருப்பு மிக நல்லது. தொழுநோயால் பாதம் மரத்தவர்களுக்குப் பயன்பட்ட அதே மெத்தென்ற நுண்துளை ரப்பர்தான் இன்று சர்க்கரை நோயாளிகளின் பாதத்தையும் காக்கிறது. ஆனால் அந்த மென்மையே பட்டறையில் குறை: ஸ்குரூவோ இரும்புச் சுருளோ அதில் சுலபமாக இறங்கும். மரத்த காலுக்கு அது தெரியாது; இரவில் செருப்பைக் கழற்றும்போது இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியவரும்.

அதேபோல, சேஃப்டி ஷூவின் கேப் விளிம்பு உராய்ந்து உண்டாக்கும் புண்ணும் உங்களுக்குத் தெரியாது. எனவே இதில் என் யோசனையைவிட உங்கள் மருத்துவரின் சொல்தான் முக்கியம். அவர் அனுமதித்தால், அகலமான மூக்குள்ள ஷூவை வாங்கி, அவர் சொல்லும் உள்ளட்டையை வைத்து, ஒவ்வொரு முறையும் அணியும் முன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். முதல் சில நாட்கள் அரை மணிக்கு ஒருமுறை கழற்றிச் சிவப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள்.

“ரெண்டே தடவ போட்ட ஷூ, அட்டாலில பத்திரமா வெச்சிருந்தேன். எடுத்தா அடி உதிருது. ஏமாத்திட்டாங்களா?”

பெரும்பாலும் இல்லை. பி.யூ. அடி காற்றிலுள்ள ஈரத்தால் மெல்ல மெல்லச் சிதையும் பொருள். அணிந்து நடந்துகொண்டே இருந்தால் பல ஆண்டுகள் உழைக்கும். பெட்டிக்குள் அடைபட்டுக் கிடந்தால் சீக்கிரம் போய்விடும். எனக்கும் இது நடந்தது. புத்தம்புது மாதிரி மின்னிய ஷூவைப் போட்டுக்கொண்டு பட்டறைக்குள் நாலடி வைத்தேன். பின்னால் திரும்பினால், ஊறிய ரஸ்க் உதிர்ந்ததுபோல் ஒவ்வொரு அடிக்கும் கறுப்புத் துணுக்குகள் கிடந்தன.

ஆகவே தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு இரண்டு ஜோடி வாங்கி வைக்காதீர்கள். உற்பத்தித் தேதியைப் பார்க்கச் சொன்னதும் இதனால்தான். பழைய ஷூவின் பி.யூ. அடியில் நகத்தை அழுத்திப் பாருங்கள். தழும்பு மீளாமல் நின்றாலோ, மடிப்பில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தாலோ அதை நம்பாதீர்கள்.

“எல்லாம் போட்டும் ஆணி ஏறிருச்சு. என்ன பண்ணணும்?”

ஓடும் நீரிலும் சோப்பிலும் நன்றாகக் கழுவுங்கள். மஞ்சளைச் சுட்டு வைப்பது, காய்ச்சிய எண்ணெயை ஒற்றுவது எல்லாம் வேண்டாம். ஆணியின் முனை முழுதாக இருக்கிறதா, ஷூ அடியிலிருந்து ரப்பர்த் துணுக்கு எதுவும் காயத்துக்குள் போயிருக்குமா என்று பார்த்து, அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அழுக்கான காயத்துக்கு, கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தால் மீண்டும் போட வேண்டும்.

ரப்பர் அடியைத் துளைத்துக்கொண்டு ஏறிய ஆணிக்குத் தனியான ஓர் ஆபத்து உண்டு. ஷூவின் ஈரமான அடியில் வாழும் சூடோமோனாஸ் என்ற கிருமி அதனோடு உள்ளே போய் எலும்பு வரை சென்றுவிடலாம். மேலே புண் ஆறியதுபோல் இருந்து, சில நாட்கள் கழித்து வலியும் வீக்கமும் திரும்பினால் உடனே மருத்துவரைப் பாருங்கள். ‘ஷூ போட்டிருந்தேன், அதன் வழியாகத்தான் குத்தியது’ என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

“எல்லாம் சரிங்க. ஒரு ஸ்குரூ முறுக்கறதுக்கெல்லாமா ஷூ மாட்டிக்கிட்டு இருக்கறது?”

முதல் விடையில் சொன்ன முக்காலியும் ஒரு ஸ்குரூ முறுக்கும் வேலைதான். என்றாலும், கயிறு கட்டும் கனமான ஷூவை அப்படிப்பட்ட வேலைக்கு யாரும் தினமும் மாட்டப் போவதில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். முதலில் நான் வாங்கியது எஸ்3 வகையில், கணுக்காலுக்கு மேல் வரும், எட்டுத் துளையில் கயிறு கோக்கும் ஷூ; தரத்தில் குறையே சொல்ல முடியாது, வாரத்தில் இரண்டு நாள்தான் என் காலில் இருந்தது. இப்போது வெல்டிங்குக்கு மட்டும் அதை எடுக்கிறேன். மற்ற வேலைகளுக்குக் கயிறில்லாமல் பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்த, ஃபைபர் கேப்பும் ஆணித்தகடும் கொண்ட தாழ்ந்த தோல் ஷூ. நின்றபடியே நுழைத்துவிடலாம். பட்டறையின் மெயின் சுவிட்சுக்கு நேர் கீழே, சுவிட்சைத் தொட வேண்டுமென்றால் அதைத் தாண்டித்தான் கை நீள வேண்டும் என்கிற இடத்தில் அது கிடக்கிறது. காலுறையை அதன் உள்ளேயே சுருட்டி வைத்திருக்கிறேன்.